மச்சான் கேட்ட டாப் டென்

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு அரியலூரிலிருந்து மச்சான் போன். யாருக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று பதறி எடுத்தால், “ஏன் மாப்ள, மெய்யழகன் மூணாவது எடத்துக்கா லாயக்கு?” என்கிறார். டிசம்பர் வந்தால் குடும்ப வாட்ஸ்அப்பில் அந்த வருஷத்துப் படங்களின் பட்டியல் போடாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். உங்களுக்கும் அரித்திருக்கும்.

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து அரியலூரை 2001இல் பிரித்தார்கள், 2002இல் சேர்த்தார்கள், 2007இல் மறுபடி பிரித்தார்கள். இரண்டு ஊரை எப்படி வைப்பது என்பதற்கே அரசாங்கத்துக்கு அத்தனை வருஷம். மெய்யழகனா, லப்பர் பந்தா என்று ஒரே ராத்திரியில் தீர்ப்பு சொல்ல நான் யார்? ஆனாலும் 2024இன் பட்டியலைப் போட்டுவிட்டேன். அதில் ஒரு சின்ன விஷயம்.

“எந்த மெய்யழகன்?” என்று மச்சானைக் கேட்டேன். செப்டம்பர் 27ஆம் தேதி வந்தது ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம். நான் பார்த்தது அது. சில நாளில் 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். வெட்டுப்பட்டது பேச்சு, அந்தப் படமே பேச்சுதான். மச்சான் பார்த்தது மிச்சத்தை. டிக்கெட்டில் ஒரு ரூபாய் குறைத்தார்களா? இல்லை. ஜவுளிக்கடையில் அரை மீட்டர் குறைந்தால் விடுவோமா? ஆக, நான் மூன்றாமிடம் கொடுத்தது ஒரு படத்துக்கு, மச்சான் சண்டைக்கு வந்தது வேறொரு படத்துக்கு.

இந்தியன் 2 வந்த வேகத்தில் அதிலும் 12 நிமிடம் போயிற்று. கங்குவாவிலும் 12. அது போதாதென்று, சத்தத்தை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்கிறோம் என்று தயாரிப்பாளரே அறிவித்தார். முதல் நாள் போனவன் காசோடு காதையும் கொடுத்துவிட்டு வந்தான். இனி பட்டியலில் எதை எழுதுவது? கங்குவா, முழு நீளம், முழுச் சத்தம், 38ஆம் இடம். கங்குவா, வெட்டியது, சத்தம் குறைத்தது, 34ஆம் இடம் என்றா? 18, 12, 12 கூட்டினால் 42. அந்த 42 நிமிடத்தையும் ஒட்டி ஒரு படமாக விட்டிருக்கலாம். கமல், சூர்யா, கார்த்தி மூவரும் நடித்த படம் வேறெங்கே கிடைக்கும்? கதை புரியாது, அதனாலென்ன, இந்தியன் 2 மட்டும் புரிந்ததா? கண்ணை மூடிக்கொண்டு ஒன்பதாம் இடம் தருவேன்.

மற்றவை சுருக்கமாக. லப்பர் பந்து: மாமனாராகப் போகிறவரும் மருமகனாகப் போகிறவரும் முறைத்துக்கொள்கிற கிரிக்கெட். சோளத்தட்டை அறுத்த காட்டில் விளையாடியவர்களுக்கு அட்டகத்தி தினேஷின் ‘கெத்து’ ஒருவரே போதும். மகாராஜா: குப்பைத்தொட்டியைக் காணோம் என்று போலீசுக்குப் போகிறவர் கதை, பிரமாதம், இன்னொரு தடவை பார்க்க மனசுதான் வராது. வாழை அழவைத்தது, அழவைத்ததற்காகவே ஓரிடம் கீழே இறக்கினேன். விடுதலை 2 டிசம்பர் 20இல் வந்தது, என் பட்டியல் அதற்கு முன்பே போய்விட்டது. முதல் பாகத்து ரயில் காட்சியைப் பார்த்துவிட்டு 1987இல் மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்ததைப் பேசாத பெரிசு அரியலூரில் இல்லை. அவர்களிடம் போய் எத்தனையாவது இடம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஐந்தாவதாகப் போட்டது கொட்டுக்காளி. வாழை வந்த அதே ஆகஸ்ட் 23இல் வந்தது. பாட்டு கிடையாது, பின்னணி இசையும் கிடையாது, 100 நிமிடம்தான். எங்கள் பக்கம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அதை எப்படி ஐந்தாவதாகப் போடலாம் என்று கேட்காதவரும் ஒருத்தர்கூட இல்லை. அமேசான் பிரைமிலும் வந்தது. தயவுசெய்து பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.