கடிதம் லண்டனில், ஈட்டி ஹைஃபாவில்

கேள்வி: யூதர் தாயகம் உருவான வரலாற்றில் இந்தியருக்கும் பங்கு உண்டா?
– வாசகர் ஒருவர், குமணன்சாவடி

பதில்: உண்டு. 1917 நவம்பர் 2 அன்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசியத் தாயகம் அமைவதை ஆதரிப்பதாக பிரிட்டிஷ் யூத சமூகத் தலைவர்களுள் ஒருவரான ராத்ஸ்சைல்டு பிரபுவுக்குக் கடிதம் எழுதியபோது, அம்மண்ணின் பெரும்பகுதி துருக்கியரின் உஸ்மானியப் பேரரசிடமே இருந்ததால், அது ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கணக்கில் வழங்கப்பட்ட வாக்குறுதியாகும். வாக்குறுதி தாளில் இருந்தாலும் நிலம் போர்க்களத்தில்தான் கிடைத்தது. முதல் உலகப் போரில் பிரிட்டன் தரப்பில் போரிட்ட இந்தியாவின் ஜோத்பூர், மைசூர் சமஸ்தானங்களின் லான்சர்கள், அதாவது ஈட்டியேந்திய குதிரைப்படையினர், 1918 செப்டம்பர் 23 அன்று இயந்திரத் துப்பாக்கிகளை எதிர்த்துப் பாய்ந்து பாலஸ்தீனத்தின் ஹைஃபா துறைமுகத்தைத் துருக்கியரிடமிருந்து கைப்பற்றினர். ஜோத்பூர் படையின் மேஜர் தல்பத் சிங் அப்போரில் உயிரிழந்தார். பிறர் தாயகத்துக்கு வழி திறந்த அவ்வீரர்களின் சொந்த நாடு விடுதலை பெற மேலும் ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆயின.