பேலியோ நாயின் தகப்பனார்

மேல்மலையனூர்ப் பக்கம் இப்போது இவரைக் கண்டுபிடிப்பது எளிது. வயது நாற்பதுக்குள். பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. காலையில் அரைக்கால் சட்டையும் ஓட்டச் செருப்புமாக வருவார்; ஒரு லாப்ரடார் அவரை இழுத்துக்கொண்டு போகும். "உங்க நாயா சார்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "நாய்னு சொல்லாதீங்க, என் பையன்" என்பார். பெயர் டைசன். டைசனுக்குத் தனி ஃப்ரீசர், தனித் தராசு, தின்றதைக் குறித்துவைக்கத் தனி எக்செல் தாள். வீட்டில் இரண்டு காலில் நடக்கும் இன்னொரு பையனும் உண்டு. அவன் பள்ளிக்கூடம் போகிற வழியில் பன்னும் டீயும் சாப்பிட்டுக்கொள்வான்.

நம்மவரின் கொள்கை சுருக்கமானது. நாய் என்பது வீட்டுக்கு வந்துவிட்ட ஓநாய். ஓநாய் எந்தக் காலத்திலும் அடுப்பு மூட்டியதில்லை. ஆகவே டைசனுக்கு வேகவைத்தது ஆகாது. இதற்குச் சாட்சியாக இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவரை அழைப்பார். பச்சை எலும்பும் பச்சைக் கறியும்தான் நாய்க்கு ஏற்ற உணவு என்று 1993இல் புத்தகம் போட்டவர் அவர். நம்மவர் குருவையும் தாண்டிவிட்டார். கறி பச்சையாக இருந்தால் போதாது, ஆர்கானிக்காக இருக்க வேண்டும். இன்னும் விசேஷம், அது காட்டில் திரிந்ததாக இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளோடு வெள்ளிக்கிழமை விடியற்காலை செஞ்சி வாரச்சந்தைக்குப் போவார். ஆடு வாங்க வந்தவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், முதுகை அழுத்திப் பார்ப்பார்கள். நம்மவர் நேர்காணல் நடத்துவார்.

"இது எங்க மேஞ்ச ஆடுங்க?"

"மலையோரமா மேஞ்சுது சார்."

"என்னென்ன தழை தின்னும்?"

"எட்டறதெல்லாம் துன்னும் சார். போன எலெக்சன்ல ரெண்டு கட்சி போஸ்டரையும் துன்னுச்சு."

போஸ்டர் பசையில் ரசாயனம் இருக்குமே என்று அந்த ஆட்டை நிராகரித்துவிடுவார். ஆட்டுக்கு அன்றைக்கு ஆயுசு கெட்டி.

கறிக்கடையில் விசாரணை இன்னும் நுணுக்கம். "ஜைவிக் பாரத் முத்திரை இருக்கா?" என்பார். இயற்கை முறை உணவுக்கென்று 2017இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த முத்திரை அது. கடைக்காரர் தொங்குகிற தொடையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "முத்திரை இல்ல சார், முதுவுக்கறி இருக்குது, போடட்டா?" என்பார். வரிசையில் பின்னால் நிற்கும் பெரியம்மாவுக்கு, அரைக்கிலோ கறிக்கு இவ்வளவு வியாக்கியானம் எதற்கு என்று புரியாது. நாய்க்கு என்று தெரிந்தபிறகு வாயை மூடிக்கொள்வார். சிரிப்பை மறைக்கத்தான்.

நாட்டுக்கறிக்கே இந்தப் பாடு என்றால் காட்டுக்கறிக்குக் கேட்க வேண்டுமா? செஞ்சிக்குப் பக்கத்திலேயே பக்கமலைக் காடு இருப்பதை வரைபடத்தில் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. முயல், கௌதாரி, உடும்பு என்று டைசனுக்கு வாராந்தர மெனு போட்டார். டீக்கடையில் ஒரு பெரியவரிடம் குரலைத் தாழ்த்தி, "முயல் கிடைக்குமாங்க?" என்றார்.

"கெடைக்கும் சார். கூடவே கடலூர் ஜெயிலும் கெடைக்கும்."

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் நாய்க்குப் பசி என்ற விதிவிலக்கு கிடையாது. முயலைப் பிடிப்பதும் குற்றம், அந்தக் கறியை வாங்கி வைத்திருப்பதும் குற்றம். ஃப்ரீசரில் தேதி ஒட்டி வைத்தால் வனத்துறைக்கு வேலை மிச்சம்.

கடைசியில் வயலில் திரியும் எலியாவது கிடைக்கட்டும் என்று இறங்கிவந்தார். அறுப்பு முடிந்த வயலில் வளைக்குப் புகை போட்டு எலி பிடித்துக்கொண்டிருந்த இருளர் தாத்தாவைத் தேடிப் போய், இரண்டு கிலோ வேண்டும், பச்சையாகவே வேண்டும் என்றார். தாத்தா அவரையும் பார்த்தார், டைசனையும் பார்த்தார். "நாங்களே நெருப்புல வாட்டித்தான் சார் துன்றோம். வாயில்லாத ஜீவனுக்கு நீ இன்னா பச்சையா போடற?" எலி என்றால் எலிக்காய்ச்சலும் கூட வரும், எலிமருந்து தின்ற எலியும் இருக்கும். பில்லிங்ஹர்ஸ்டை மேற்கோள் காட்டியும் தாத்தா மசியவில்லை.

டைசன் இந்த ஆராய்ச்சிகளில் கலந்துகொள்வதில்லை. நம்மவர் மீட்டிங்கில் உட்கார்ந்ததும் அது மெல்ல சமையலறைக்குப் போகும். அங்கே நம்மவரின் தாயார் மீந்த தயிர்சோற்றைப் பிசைந்து வைத்துக் காத்திருப்பார். எக்செல் தாளில் ஏறாத இந்த மதியச் சாப்பாட்டால்தான் டைசனின் உடம்பு மினுமினுக்கிறது. நம்மவர் அதைக் காட்டிக் காட்டிப் பச்சைக் கறியின் பெருமை பேசுகிறார்.

அறிவியல்கூட தாயார் கட்சிதான். 2013இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் ஒரு மரபணு ஓநாயிடம் இரண்டே பிரதி. நாயிடமோ நாலிலிருந்து முப்பது வரை. மனிதன் உழுது விதைத்த காலத்திலிருந்து அவன் மிச்சச் சோற்றைத் தின்றே நாயின் வயிறு மாறிவிட்டது. ஓநாய் நம் வாசலைத் தாண்டும்போதே கொள்கையை வெளியில் விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறது.

மேல்மலையனூரில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈசன் கையில் ஒட்டிக்கொண்டு, விழுந்த பிச்சையையெல்லாம் விழுங்கிய பிரம்ம கபாலத்தையே சோற்றை இறைத்துக் கீழே இறக்கினாள் அங்காளம்மன் என்பது தலக்கதை. மாசியில் சிவராத்திரிக்கு மறுநாள் மயானக்கொள்ளையில் இன்றும் கொழுக்கட்டையும் தானியமும் காய்கறியும் இறைபடுகின்றன. மாதாமாதம் அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம். மறுநாள் விடிந்தால் கோயில் தெரு நாய்களுக்குப் பொங்கல், பரோட்டா, பிரியாணி மிச்சம். அவை முத்திரை கேட்பதில்லை. டைசன் அந்தத் தெருவைக் கடக்கும்போது மட்டும் நம்மவரை இழுக்காமல் அப்படியே நின்றுவிடுகிறது.

போன முறை தடுப்பூசிக்குப் போனபோது கால்நடை மருத்துவர், "குடற்புழு மாத்திரை எப்ப கொடுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஆர்கானிக் கறிங்க டாக்டர், புழு இருக்காது."

"மருந்தடிக்காத கத்திரிக்காயில புழு இருந்தா அதுதான் ஆர்கானிக்குக்கு அத்தாட்சின்னு சொல்றீங்க. கறிக்கு மட்டும் வேற நியாயமா?"

விஷயம் சிரிப்பதற்கானது மட்டுமல்ல. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் நீர்க்கட்டிகள் இருக்கும். அதைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளரும். நாயின் கழிவோடு வெளிவரும் முட்டை, கொஞ்சுகிற கைவழியாக மனிதர் வயிற்றுக்குள் போனால் நம் ஈரலிலும் அதே கட்டி முளைக்கும். டைசனோடு ஒரே தலையணையில் படுப்பவன் இரண்டு காலில் நடக்கும் பையன்தான்.

நம்மவரின் பாசத்தில் குறையில்லை. பாசத்தை அடுப்பில் ஏற்றாததுதான் குறை. நீங்களும் அவர் கட்சியாக இருந்தால் ஒரு விண்ணப்பம். கறியை உப்பு, காரம், வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்துச் சோற்றில் பிசைந்து போடுங்கள். வெந்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும், அதை எடுத்துவிடுங்கள். மருத்துவர் சொன்ன கணக்கில் புழு மாத்திரையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடுங்கள். முயல் பக்கமலையிலேயே இருக்கட்டும். நாய்க்குக் காட்டுவாழ்க்கை வேண்டும் என்று தோன்றினால், மலையடிவாரம் வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். தொப்பை அதற்கும் குறையும், உங்களுக்கும் குறையும்.