மருமகன்ட 3000 வாட்

இரிங்க மருமகன். அந்தச் சில்லைச் சுவரில சாத்தாம, கீழ சாக்கில கிடத்திப்போட்டு இரிங்க. இது என்ட புள்ளக்கிச் சீதனமாக் குடுத்த ஊடு, அதால உங்கட ஊடுதான். எண்டாலும் சுவருக்குப் பெயின்ட் அடிச்ச காசு என்ட மடியில இருந்து போனது. அது எனக்கு இன்னும் மறக்கல்ல.

சில்லுக்குள்ள மோட்டர் 3000 வாட்டாம். மாஷா அல்லாஹ். களியோடைப் பாலத்தில வச்சி பஸ்ஸை முந்தலாம். எதுக்கு முந்தோணும் எண்டு நான் கேக்கமாட்டன். புதுசாக் கலியாணம் முடிச்ச புள்ளைக்கி ஆயிரம் அவசரம் இரிக்கும். 2022-இல பெற்றோல் செட்டில சுபஹுக்கு நிண்டா இஷாவுக்குத்தான் ஆள் ஊடு திரும்பிச்சி. மறுகா கியூஆர் கோட் வந்து, மோட்டர் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர் எண்டு அளந்து ஊத்தினாங்க. அந்தக் காலத்தை அனுபவிச்சவன் கரண்ட் சைக்கிள் தேடுறது ஞாயம்தான். உங்கட ஆசையில நான் குத்தம் காணல்ல. உங்கட வயர்லதான் காண்றன். எடுங்க பார்ப்பம் அந்தப் பார்சலை.

14 நம்பர். கடையில 8-உம் இருந்திச்சி, 10-உம் இருந்திச்சி, "பெரிசாக் கிடக்கட்டும் மாமா எண்டு 14 எடுத்தன்" எண்டீங்க பாருங்க, அப்பத்தான் நீங்க நம்மட குடும்பத்துக்கு ஏத்த ஆள் எண்டு எனக்கு விளங்கிச்சி. அமெரிக்கன்ட வயர்க் கணக்கில நம்பர் கூடக் கூட வயர் மெலியும். கம்பியைத் துளையால எத்தினை தரம் இழுத்து மெலிசாக்கினது எண்டு எண்ணின பழைய வழக்கத்தில வந்த நம்பர் அது. 3 நம்பர் ஏறினாச் செம்பு பாதியாப் போகும். 8 நம்பர்ல 8.4 சதுர மில்லிமீற்றர் செம்பு இரிக்கி. உங்கட 14-இல 2.1 தான், காற்பங்கு. காசு குடுத்து மெலிவை வாங்கியிரிக்கீங்க. கவலைப்படாதீங்க. அந்தச் சுருளை இஞ்சால தாங்க, என்ட கோழிக்கூட்டுக்கு லைட் இழுக்க வேணும் எண்டு கன நாளா நினைச்சன்.

நம்மட ஹாட்வெயார்க் கடைக் கணக்கு நேர்மையானது. 7/0.67 எண்டா 0.67 மில்லிமீற்றர்ல 7 இழை, கூட்டிப் பார்த்தா 2.5 சதுர மில்லிமீற்றர். 7/1.04 எண்டா 6. 7/1.35 எண்டா 10. ஆனா அந்த ஊட்டு வயரைச் சைக்கிளுக்கு இழுத்துப்போடாதீங்க. அது சுவருக்குள்ள அசையாமக் கிடக்கச் செஞ்சது. கடற்கரை ரோட்டில குலுங்கினா 7 இழையும் ஒண்டொண்டா முறியும். மேல் உறை பீவீசி, 70 பாகைக்கு மேல தாங்காது. உங்களுக்கு வேண்டியது சிலிக்கோன் உறை போட்டு, உள்ளுக்க நூத்துக்கணக்கான மெல்லிய இழை வச்ச வயர். அந்த உறை 180, 200 பாகைக்கும் கிடக்கும்.

இனிக் கேள்விக்கு வாரன். "3000 வாட்டுக்கு எத்தினாம் வயர் மாமா?" கலியாணம் பேசின நேரம், மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் எண்டு நான் கேட்டதுக்கு உங்கட வாப்பா, எங்கட குடும்பம் பெரிய குடும்பம் எண்டார். அதே வழிதான் நீங்களும். வயருக்கு வாட் தெரியாது மருமகன், அம்பியர் மட்டும்தான் தெரியும். 3000 வாட்டை 48 வோல்ட் பற்றறியில எடுத்தா 62 அம்பியர் ஓடும். 72 வோல்ட்டில எடுத்தா 42. 1895 டிசம்பர் 31-இல அமெரிக்காவில ஒக்டன் போல்டன் எண்ட ஆள், பின் சில்லுக்குள்ளயே மோட்டர் வச்ச சைக்கிளுக்குக் காப்புரிமை எடுத்தான். 10 வோல்ட் பற்றறி, 100 அம்பியர் வரைக்கும் இழுக்கும். உங்கட மோட்டர்ட மூணிலொரு பங்கு வேலைக்கு 100 அம்பியர்! 10 வோல்ட்டோட மல்லுக்கட்டினா அதுதான் கதி. முதல்ல வோல்ட்டைக் கூட்டுங்க, பொறகு வயரைத் தேடுங்க எண்டு நான் சொல்றது இதுக்குத்தான்.

வயர் எப்பிடிச் சூடாகும் எண்ட கணக்கை 1841-இல எழுதினவர் ஜூல், இங்கிலாந்தில பியர் காய்ச்சுற குடும்பத்துப் புள்ள. பியர் நமக்கு ஹராம், கணக்கு ஹலால், எடுத்துக்கொள்ளலாம். அம்பியர் ரெண்டு மடங்கானாச் சூடு நாலு மடங்கு. உங்கட 14-ஐ விடக் கொஞ்சம் தடிச்ச 2.5 வயர்ல ஒரு மீற்றருக்கு 50 அம்பியர் ஓடினா 17 வாட் சூடாப் போகும். 100 ஓடினா 69. உங்கட கையில இரிக்கிற ஈயம் வைக்கிற அயன்ல என்ன எழுதியிரிக்கி? வாசிங்க. 60 வாட். இப்ப விளங்குதா, எதைச் சைக்கிள்ல கட்டப் போனீங்க எண்டு? அதே நீளத்துக்கு 10 சதுர மில்லிமீற்றர் வயரைப் போட்டா 100 அம்பியருக்கும் 17-ஓட நிக்கும். செம்பு சூடாகச் சூடாக அதுட தடையும் கூடும், 100 பாகைக்கு வந்தா மூணிலொரு பங்கு கிட்டக் கூடிப்போகும்.

"100 எங்க மாமா வாற, கொன்ட்ரோலர்ல 60 எண்டுதானே போட்டிரிக்கி" எண்டு சிரிக்கிறீங்க. இந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் என்ட புள்ளையும் ஓம் எண்டிருப்பாள். அந்த 60 பற்றறிப் பக்கத்துக் கணக்கு. கொன்ட்ரோலர்ல இருந்து மோட்டருக்குப் போற மூணு வயர்ட கணக்கு வேற. நான் நெல்லு மில்லுல கிடந்து வளர்ந்த ஆள். மில்லு மோட்டரை நேராப் போட்டு எழுப்பினா, ஓடுற நேரத்தை விட 6, 7 மடங்கு கரண்ட் இழுக்கும். அதாலதான் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் வச்சாங்க. உங்கட சில்லு மோட்டர் வேற சாதி, எண்டாலும் எழும்புற நேரத்துப் பசி அதுக்கும் இரிக்கி. சில்லு மெதுவாச் சுத்தக்குள்ள மோட்டருக்குக் கொஞ்ச வோல்ட் போதும். கொன்ட்ரோலர் பற்றறிட வோல்ட்டை வெட்டிக் குறைச்சி, குறைச்ச அளவுக்கு அம்பியரைக் கூட்டி அனுப்பும். பற்றறிப் பக்கம் 30 ஓடக்குள்ள மோட்டர்ப் பக்கம் 100-ஐத் தாண்டியிரிக்கும்.

இது மெயின் ரோட்டில நீங்க கொலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பறக்கக்குள்ள நடக்கிறதில்ல. விடியச் சாமத்தில மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வரக்குள்ள, மணலுக்குள்ள சில்லு புதைஞ்சி, நீங்க பல்லைக் கடிச்சிக்கொண்டு முறுக்க, சில்லு அசையாம நிக்கும் பாருங்க, அந்த நேரம்தான். ஓட்டம் இல்ல, காத்து இல்ல, கரண்ட் மட்டும் உச்சம். அப்ப உறை இளகி மூணு வயரும் ஒண்டை ஒண்டு தொட்டா, மறுகா கொன்ட்ரோலர்ட மௌத்துச் செய்திதான் வரும்.

அதால மூணு வயரும் 8 நம்பர், இல்லாட்டி நம்மட கணக்கில 10. பற்றறிக்கும் அதையே போடுங்க. உடனே, அப்ப அதையே மோட்டருக்குள்ள வரைக்கும் இழுப்பம் மாமா எண்டு வெளிக்கிடாதீங்க. குனிஞ்சி அச்சைப் பாருங்க. 14 மில்லிமீற்றர் இரும்பு. அதுக்குள்ள குடைஞ்ச துளையால மூணு வயரும் போகோணும், மோட்டர்ட நிலையைச் சொல்ற ஹோல் சென்சர்ட 5 மெல்லிய வயரும் போகோணும். நம்மட ஊர்த் துறைமுகம் மாதிரித்தான். டென்மார்க் கடன்ல கட்டி, 2013-இல எவ்வளவு மேளதாளத்தோட திறந்தாங்க! வாயில மணல் வந்து மூடினாப் பொறகு, கப்பலை விடுங்க, மீன் போட்டுக்கே வெளியில போக வழியில்லாமப் போச்சி. ஒரு வித்தியாசம் இரிக்கி. மணல் போட்டைத் தடுத்துப்போடும். மெலிஞ்ச வயர் கரண்டைத் தடுக்காது, எல்லாத்தையும் போகவிட்டுப்போட்டுத் தான் வேகும்.

வேலை தெரிஞ்சவன் இதுக்கு ஒரு வழி வச்சிரிக்கான். வாய் ஒடுக்கமெண்டா ஒடுக்கமான துண்டைக் கட்டையாக்குறது. தடை நீளத்தோட வளருது. ஒரு மீற்றருக்கு 69 வாட் எண்டா 10 சென்ரிமீற்றருக்கு 7 வாட்டும் வராது. அதையும் ரெண்டு பக்கத்துத் தடிப்புச் செம்பும் அச்சு இரும்பும் இழுத்துக்கொள்ளும். ஆக, அச்சுக்குள்ள மட்டும் டெஃப்லோன் உறை போட்ட வயர். அந்த உறை மெல்லிசு, 260 பாகை தாங்கும். அதால அதே துளைக்குள்ள கூடச் செம்பு புகுத்தலாம். அச்சால வெளியில வந்த உடனே, கிட்டவே, தடிப்பு வயரோட சேர்த்துப்போடுங்க. ஹோல் வயரை அப்பிடியே விடுங்க. 5 வோல்ட்டில சேதி சொல்றது மட்டும்தான் அதுட வேலை.

துளைக்குள்ள போகல்ல எண்டு தடிப்பு வயர்ட இழையைக் கத்தரிச்சி மெலிசாக்கிப் புகுத்துற ஆக்களும் இரிக்காங்க. வெளியில பார்த்தா 10, உள்ளுக்க 4. இதையே கட்டட வேலையில செஞ்சா கொந்தராத்து எண்டு மரியாதையாச் சொல்லுவாங்க. சைக்கிள்ல செஞ்சாப் புகை வரும்.

நம்மட ஊர்ல வயரை விடப் பொல்லாத எதிரி மூட்டு. உப்புக் காத்து லேசுப்பட்டதில்ல. வயர் நுனியில நெரிக்கிற லக் பழசு ஒண்டைக் கழட்டிப் பாருங்க, உள்ளுக்க பச்சைக் களிம்பு பூத்துக் கிடக்கும். அந்தக் களிம்புக்கூடாகக் கரண்ட் போகக்குள்ள மூட்டு மட்டும் கொதிக்கும், வயர் பச்சைத்தண்ணியாக் கிடக்கும். லக்கை நல்லா நெரிச்சி, மேல பசை வச்ச ஹீட் ஸ்ரிங்க் போட்டுச் சூடு காட்டி மூடுங்க. போட்டுக்கு இழுக்கிற, வெள்ளீயம் பூசின செம்பு வயர் கிடைச்சா இன்னும் நல்லம். ஓடி வந்து இறங்கின உடனே ஒவ்வொரு மூட்டையும் கையால தொட்டுப் பாருங்க. பக்கத்து வயரை விட மூட்டு சூடெண்டா வருத்தம் மூட்டுலதான். மற்றது, வயர் அச்சுக்குள்ள ஏறுறதுக்கு முந்தி ஒருக்காக் கீழ வளைஞ்சி கிறுகி ஏறட்டும். மாரி மழைத் தண்ணி அந்த வளைவில சொட்டிப் போகும், மோட்டருக்குள்ள வடியாது.

பாதி விலைக்கு ஒருத்தன் வயர் தந்தா வாங்காம விடமாட்டீங்க, எனக்குத் தெரியும். நுனியைக் கத்தியால சுரண்டிப் பாருங்க. வெளியில வெள்ளை, உள்ளுக்க சிவப்பெண்டா வெள்ளீயம் பூசின நல்ல செம்பு. வெளியில சிவப்பு, உள்ளுக்க வெள்ளையெண்டா செம்பு பூசின அலுமினியம். அலுமினியம் கடத்துறது செம்பில 61 வீதம்தான். கையில எடுத்தாலே பாரம் காட்டிக்குடுத்துப்போடும்.

ஃபியூஸ் பற்றறிக்குப் பக்கத்திலயே வேணும். ஊட்டுல கழட்டின டிரிப் சுவிச்சைக் கொண்டு போய்ப் பூட்டாதீங்க. ஊட்டுக் கரண்ட் செக்கனுக்கு 100 தரம் பூச்சியத்தைத் தொட்டுப் போகும், அதுல பொறி அணையும். பற்றறிக் கரண்ட் பூச்சியத்துக்கே வராது, பொறி நிண்டு எரியும். இதையெல்லாம் என்னட்ட வந்து கேக்கோணுமா? தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நம்மட ஊர்ல, அதுக்குள்ள பொறியியல் பீடம். அதைத் தாண்டிப் போய் நீங்க ஃபோன்ல ஆரோ ஒருத்தன்ட வீடியோ பார்க்கிறீங்க.

அச்சைக் கிறுகவிடாமப் பிடிக்கிற டோர்க் ஆம் எண்ட இரும்புத் தகடு ரெண்டு பக்கமும் வேணும். 3000 வாட் ஒரு முறுக்கு முறுக்கினா அச்சு ஃபோர்க்கை உடைச்சிக்கொண்டு சுத்தும். அதோட எல்லா வயரும் முறுகி அறும், மூணு வயரும் ஒண்டாச் சேர்ந்தாப் பிறேக் பிடிச்ச மாதிரிச் சில்லு இறுகும். சில்லு நிண்டா நீங்க நிக்கமாட்டீங்க.

இன்னும் ஒண்டு கிடக்கு. மோட்டருக்குள்ள சுத்தியிரிக்கிற கம்பியை நீங்களும் மாத்த ஏலாது, நானும் மாத்த ஏலாது. வெளியில எவ்வளவு தடிப்பாப் போட்டாலும் அது தாங்குற அளவுதான் அளவு. உங்கட கொன்ட்ரோலருக்கு ஃபோன்ல ஒரு அப் இரிக்காம், மோட்டர்ப் பக்கத்து அம்பியரை அதுல குறைச்சி வைக்கலாமாம். 150-இல கிடக்கிறதை 80-க்கு இறக்குங்க. மீன் பெட்டியையும் இழுக்கும், என்ட புள்ளையையும் இழுக்கும், மணல்ல கொஞ்சம் இறங்கித் தள்ளுங்க, வயித்துக்கும் நல்லம். பூட்டி வைக்கப் பாஸ்வேர்ட் கேக்குமாம். அது உங்கட கையில இரிந்தா அசருக்கு முந்தி 150-க்கு ஏறிப்போடும். ஃபோனை இஞ்ச தாங்க, அவள்ட குடுப்பம். நம்பரை அவளே போடட்டும்.