காலி வீதியில் சரிந்த எழுத்தும் அதன் தப்பான நிழலும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

டியூஷன் வகுப்போ, புடவைக் கடையோ, தனியார் பஸ்ஸோ, கொழும்பில் எது தன்னைச் சுறுசுறுப்பானதாகக் காட்ட விரும்பினாலும் அதன் தமிழ் வலப்பக்கம் சரிந்து, ஒரு கறுப்பு நிழலையும் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. இப்பெருநிகழ்வை அறிஞர் உலகம் கவனியாது விட்டமை வியப்பே. வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் களமாகக் கொண்டு அக்குறையைப் போக்க இக்கட்டுரை முனைகிறது.

வரலாறு சுருக்கமாக. சரிவு வெனிஸ் சரக்கு: அல்டஸ் மனுஷியஸ் 1501இல் வேர்ஜிலைச் சாய்ந்த எழுத்தில் அச்சிட்டார். நிழல் லண்டன் சரக்கு: வின்சென்ட் ஃபிகின்ஸ் 1815இல் நிழல் விழும் அச்செழுத்தை இறக்கினார். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனதும் அதே 1815. இரண்டுக்கும் தொடர்பில்லை, தொடர்பில்லாததைப் பக்கத்தில் வைப்பது ஆய்வு மரபு.

இனி பஸ். இரு களங்களையும் ஒரே ரிக்கெற்றில் இணைக்கும் 155ஐ எடுத்துக்கொள்வோம். இலங்கையில் வாகனம் இடப்பக்கம் ஓடுவதால் கதவும் இடப்பக்கம். ஹோல்ட்டில் நிற்பவருக்குப் பஸ்ஸின் முகம் இடக்கைப் பக்கம், பின்புறம் வலக்கைப் பக்கம். ஆகவே வேகத்தைக் காட்டவென்று வலப்பக்கம் சரித்த எழுத்து, ஏறப்போகிறவர் கண்ணுக்குப் பின்னோக்கியே சாய்கிறது. அவர் பார்க்காத மறுபக்கத்தில் அதே எழுத்து ஒழுங்காக முன்னே பாய்கிறது. "பஸ்ஸட்ட யன்ன, பின்னுக்குப் போங்கோ" என்று கண்டக்டர் தொண்டை கிழியக் கத்தும்போது, சொற்கேட்டு நடப்பவை எழுத்துகள் மட்டுமே.

நிழல் இதைவிட மோசம். அது எப்போதும் வலப்பக்கம் கீழே விழுகிறது. அதாவது வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து. வெள்ளவத்தையில் காலி வீதி ஏறக்குறைய வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. கடற்பக்கக் கடையைப் பார்த்து நிற்பவருக்கு இடப்பக்கம் தெற்கு. கொழும்போ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகைகூட இல்லை. ஏப்ரல் 7ஐ ஒட்டிச் சூரியன் உச்சிக்கு வந்து, வடக்கே போய், செப்டெம்பர் முதல் வாரத்தில் திரும்புகிறது. எனவே கடற்பக்கப் பலகைகளின் நிழல் ஒக்டோபர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை, அதுவும் காலையில், சரி. எதிர்ப்பக்கப் பலகைகள் ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் வரை மாலையில் மட்டும் உண்மை பேசும். மற்ற நேரமெல்லாம் பச்சைப் பொய். உச்சிக்கு வரும் அந்த நண்பகலில் மின்கம்பத்துக்கே நிழல் இல்லை. பலகைகள் மட்டும் விடுவதாயில்லை. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் இக்கணக்கு எடுபடாது: எழுத்து நிழல் போடுமுன் எதிர்க் கட்டடம் போட்டுவிடுகிறது.

தமிழுக்குச் சரிவு பிறவிக் குணமுமல்ல. கணினி ஒரே தள்ளாய்த் தள்ள, 'ட'வின் கால் சாய்கிறது, கிடைக்கோடு அசையாமல் கிடக்கிறது. 'ண'வின் சுழிகளை நிழல் அடைத்துக்கொள்ள, சந்தியிலிருந்து பார்த்தால் மூன்று சுழியா இரண்டு சுழியா என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. இதில் அழகில்லை என்பதே என் கட்சி. ஆனால் நெரிசலில் ஊரும் பஸ்ஸிலிருந்து முதலில் கண்ணில் படுவதும் இதுதான் என்பதை மறைப்பது ஆய்வு நேர்மையாகாது.

முடிவுகளைப் பெயர்ப்பலகை, அதாவது 'போட்', செய்யும் ஒரு கடையில் சமர்ப்பித்தேன். முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப ஒரு கடைக்கு ஆறு மாசத்துக்கு ஒரு போட், மற்ற ஆறு மாசத்துக்கு இன்னொண்டு. சரிதானே ஐயா?"

சரி என்றேன்.

"இதைக் கடை கடையாய்ப் போய்ச் சொல்லுங்கோ. உங்களுக்கும் கொமிஷன் தாறன்."