காற்றடைத்த வெந்நீர்த் தொட்டி

காற்றடைத்த வெந்நீர்த் தொட்டியின் பெட்டியில் ‘ஆறு பேருக்கு’ என்றிருக்கும். அந்த ஆறு பேரும் முழங்காலை மடக்கத் தெரிந்த நெருங்கிய உறவினராக இருப்பது நல்லது. கொள்ளளவு 800 முதல் 1000 லிட்டர். ஆள் இறங்குமுன்பே ஏறக்குறைய ஒரு டன் எடை என்பதால், பால்கனியில் வைக்க ஆசைப்படுவோர் முதலில் பொறியாளரைக் கேட்பது உத்தமம். பிரிட்டனில் விற்கும் தொட்டிகளின் ஹீட்டர் சுமார் 2 கிலோவாட். மணிக்கு 1 முதல் 2 டிகிரிதான் ஏற்றும். குழாய்நீர் 40 டிகிரியைத் தொட ஏறத்தாழ ஒரு நாளாகும். ஆகவே திடீர்க் குளியல் ஆசையை முந்தைய நாளே தீர்மானித்தாக வேண்டும். குமிழிப் பொத்தானை அமுக்கினால் வெளிக்காற்று புகுந்து நீரை ஆறவைக்கும், மின்கட்டணம் ஆறாது. குளோரின் அளப்பதும் வடிகட்டி கழுவுவதும் மிச்ச ஓய்வைப் பார்த்துக்கொள்ளும். பல மாடல்களை 4 டிகிரிக்குக் கீழான குளிரில் பயன்படுத்தக் கூடாது. வெந்நீர் அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான்.