பிரீமெட் அப்பா

நியூ ஜெர்சித் தமிழ்க் கூட்டங்களில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மேடையில் பொங்கல் விழாப் பட்டிமன்றம் நடந்துகொண்டிருக்கும். இவர் பின்வரிசையில் இன்னொரு அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "ரட்கர்ஸா, ஜான்ஸ் ஹாப்கின்ஸா? நீங்களே சொல்லுங்க" என்று தனியாக ஒரு பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருப்பார். மகளுக்கு வயது பதினைந்து. அவள் இன்னும் எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கவில்லை.

அப்பாவுக்கு வங்கி ஒன்றில் டேட்டாபேஸ் வேலை. ரத்தப் பரிசோதனைக்கு ஊசியை எடுத்தாலே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஆனால் மருத்துவச் சேர்க்கை பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. ஆரம்பத்தில் அவரும் நம்மூர்க் கணக்கைத்தான் போட்டார். பிளஸ் டூ, நீட், 720-க்கு எவ்வளவு, கட் ஆஃப் என்ன, கவுன்சலிங் எந்தத் தேதி என்று முடிந்துபோகிற விஷயம் என நினைத்திருந்தார். அமெரிக்காவில் முதலில் நான்கு வருடம் ஏதாவது ஒரு பட்டம் வாங்கிவிட்டுத்தான் எம்.டி. படிப்புக்கே மனுப்போட முடியும் என்று தெரிந்த அன்று அவர் ராத்திரி சாப்பிடவில்லை. "எல்லாம் அந்த ஹாப்கின்ஸ்காரன் பண்ணின வேலை" என்பார். 1893-ல் திறந்தபோதே பட்டதாரியாக இருந்தால்தான் சேர்ப்போம் என்று நிபந்தனை வைத்த மருத்துவக் கல்லூரி அது. அதன்மேல் இவருக்கு உள்ள கோபம், ஏதோ பங்காளித் தகராறு மாதிரி இருக்கும். மகள் அங்கே சேர வேண்டும் என்ற ஆசைக்கு அது குறுக்கே வந்ததில்லை.

அடுத்த அதிர்ச்சி, மருத்துவத்துக்கு முந்தைய அந்த நான்கு வருடத்தைப் பிரீமெட் என்று சொன்னாலும், அப்படி ஒரு படிப்பே கிடையாது என்பது. உயிரியல், வேதியியல், இயற்பியல் என்று கேட்கிற பாடங்களை முடித்துவிட்டால் போதும்; மேஜர் சங்கீதமாகக்கூட இருக்கலாம். வேறு யாராவது இதைக் கேட்டால் நிம்மதியாகத் தூங்குவார்கள். இவருக்குத் தூக்கம் போய்விட்டது. எது வேண்டுமானாலும் பிரீமெட் என்றால், எல்லாமே பிரீமெட் என்றுதானே அர்த்தம்? நீட்டுக்கு ஒரு மத்தியானம் போதும். இங்கே பிள்ளை பத்து வயதில் பக்கத்து வீட்டு நாயைத் தடவிக்கொடுத்ததுகூட எங்காவது கணக்கில் வருமோ என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே ஒரு எக்ஸெல் கோப்பு. வரிசையில் கல்லூரிகள், பத்தியில் கவலைகள். அதில் வாரத்துக்கு ஒரு சித்தாந்தம் ஆட்சிக்கு வரும். முதல் வாரம் "பேர் பெத்த காலேஜ்" கட்சி. பிரின்ஸ்டன் பக்கத்திலேயே இருக்கிறது, காரில் போய்ச் சாம்பார் கொடுத்துவிட்டு வரலாம். இரண்டாம் வாரம், அதே பிரின்ஸ்டன் 2004-லிருந்து 2014 வரை 'ஏ' கிரேடு நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருந்ததைப் படித்துவிடுவார். அது கைவிடப்பட்ட கொள்கை என்று யார் சொன்னாலும், "புத்தி மாறுமா சார்?" என்பார். மூன்றாம் வாரம் நியூயார்க் பல்கலைக்கழகம். அங்கே 2022-ல் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ரொம்பக் கஷ்டம் என்று 350 பேர் வகுப்பில் 82 பேர் மனுக்கொடுக்க, அந்தப் பாடத்துக்கே புத்தகம் எழுதிய மெய்ட்லண்ட் ஜோன்ஸை வேலையை விட்டு அனுப்பினார்கள். இதில் யார் பக்கம் நிற்பது என்று இவருக்கு இன்றுவரை முடிவாகவில்லை. வாத்தியாருக்கு நடந்தது அநியாயம். ஆனால் பிள்ளைகள் அபிப்பிராயத்துக்கு மரியாதை கொடுக்கிற காலேஜ் என்று ஓரத்தில் ஒரு பச்சைக் குறி.

நான்காம் வாரம் "சின்னக் காலேஜ்" கட்சி ஜெயிக்கும். எம்.டி. விண்ணப்பங்களை வாங்கித் தொகுக்கிற ஆம்காஸ் ஜி.பி.ஏ. கணக்குப் போடும்போது கல்லூரியின் பெயருக்காகக் கால் புள்ளிகூடச் சேர்ப்பதில்லை. அறிவியலுக்கு மட்டும் தனியாக ஒரு ஜி.பி.ஏ. எடுத்துப் பார்ப்பார்கள். "அப்புறம் எதுக்கு சார் லட்சம் டாலர்? சுலபமா ஏ போடற இடத்துல சேர்த்துட்டா ஆச்சு." மருத்துவச் சேர்க்கைக்கான எம்கேட் பரீட்சை வந்து இந்தக் கட்சியையும் கவிழ்க்கும். அது எல்லாக் கல்லூரிக்கும் பொது. 472-ல் தொடங்கி 528-ல் முடியும். ஒன்றுமே தெரியாமல் ஏழரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் 472 கொடுத்து அனுப்புகிற கௌரவமான பரீட்சை.

கல்லூரி சுற்றிக் காட்டும் நாளில் இவரைப் பார்க்க வேண்டும். வழிகாட்டும் மாணவன் பின்பக்கமாக நடந்துகொண்டே நூலகம், நீச்சல் குளம், நடு இரவிலும் கிடைக்கும் பீட்சா என்று காட்டிக்கொண்டு போவான். மற்றவர்கள் படம் எடுப்பார்கள். இவர் கை தூக்குவார். "இங்கேர்ந்து மெடிக்கல் ஸ்கூலுக்கு எத்தனை பேர் போறாங்க?" "தொண்ணூறு சதவீதம், சார்!" கூட்டம் வியக்கும். இவர் விடமாட்டார். "கமிட்டி லெட்டர் எல்லாருக்கும் தருவீங்களா, பொறுக்கி எடுத்தா?" பையன் அப்போதுதான் முதல்முறையாகத் தடுக்கி விழப் பார்ப்பான். உண்மையில் இது கேட்க வேண்டிய கேள்வி. நாடு முழுக்க வருடத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் மனுப்போட்டு, இருபத்து மூவாயிரம் பேருக்கு இடம் கிடைப்பதே பாடு. சில கல்லூரிகள் தேறாதவர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் தராமல் முதலிலேயே கழற்றிவிட்டு, மிச்சம் இருப்பவர்களில் சதவீதம் காட்டுகின்றன. அந்த வரிசையில் இதைத் தெரிந்து வைத்திருந்த ஒரே ஆள் நம் அப்பாதான். மகள் மட்டும் வேறு யாரோ ஒருவரின் குழந்தை போல மரத்தடிக்கு நகர்ந்துவிட்டாள்.

பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்கு அவர் போவது பக்தியில்தான். ஆனாலும் சேவித்து முடித்ததும் கால்கள் கேண்டீனுக்குத்தான் போகும், கண் தேடுவது வேறு. மருத்துவம் இரண்டாம் வருடம் படிக்கிற பெண் ஒருத்தி, காகிதத் தட்டில் புளியோதரையோடு உட்கார்ந்திருப்பாள்.

"ஏம்மா, நீ எந்தக் காலேஜ்? மேஜர் என்ன? பயோவா?"

"ஹிஸ்டரி, அங்கிள்."

"சரி, தப்பில்லை. அப்புறம் எப்படிம்மா எடுத்தாங்க?"

"எனக்கு ஹிஸ்டரி பிடிச்சது அங்கிள். சயின்ஸ் கோர்ஸும் எடுத்தேன். ரெண்டு வருஷம் கேப் எடுத்து கிளினிக்ல வேலை பார்த்தேன்."

இதில் அவர் காதில் விழுந்தது கேப் என்கிற சொல் மட்டும். ரெண்டு வருஷம் சும்மாவா? கல்யாணத்துக்கு எத்தனை வயசாகும்? இப்போது சேர்கிறவர்களில் பாதிக்கு மேல் அப்படி இடைவெளி விட்டுத்தான் வருகிறார்கள் என்று அவள் சொன்னாள். புளியோதரை ஆறிப்போயிருந்தது. அன்று ராத்திரி எக்ஸெலில் இரண்டு புதிய பத்திகள் முளைத்தன: ஹிஸ்டரி, கேப்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்குத்தான் டைரக்ட் மெட். பிரௌனில் எட்டு வருடம், மிசௌரி கன்சாஸ் சிட்டியில் ஆறே வருடம். பள்ளியை முடித்த கையோடு டாக்டர் சீட்டையும் கையில் கொடுத்துவிடுவார்கள். அதைப் பேசும்போது மட்டும் அவர் குரல் தழுதழுக்கும். கட்டணம் பற்றிப் பேசினால் வேறு குரல். 2024-ல் பிராங்க்ஸ் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரிக்கு நூறு கோடி டாலர் கொடுத்து எல்லாருக்கும் கட்டணத்தை ஒழித்த ரூத் காட்டஸ்மனை, "அந்த அம்மா நல்லா இருக்கணும்" என்று அவர் வாழ்த்தாத வெள்ளிக்கிழமை இல்லை. பட்டப்படிப்பைச் சொந்த மாநிலக் கல்லூரியில் மலிவாக முடித்துக்கொண்டு, காசை மருத்துவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்வார். அவர் சொல்கிறவற்றில் நான் கைதட்டுகிற யோசனை அது ஒன்றுதான். அதை அவரே பின்பற்றுவாரா என்பது வேறு.

மகள் சனிக்கிழமைகளில் முதியோர் இல்லம் போகிறாள். அங்கே ஒரு இத்தாலியத் தாத்தா அவளுக்குச் சீட்டாட்டம் சொல்லிக்கொடுக்கிறாராம், ஏமாற்றித்தான் ஜெயிக்கிறாராம். வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொல்வாள். அப்பா பேனாவோடு, "மொத்தம் மூணு மணி நேரம்னு போட்டுக்கட்டுமா?" என்பார். "ஏங்க, அவ சொல்றதைக் கொஞ்சம் கேளுங்களேன்" என்பார் மனைவி. கேட்டுக்கொண்டுதான் இருப்பார்; சீட்டாட்டம் கிளினிக்கல் அனுபவத்தில் சேருமா, சமூக சேவையில் சேருமா என்பதுதான் யோசனை. குற்றத்தை முழுக்க அவர் தலையில் போட மாட்டேன். ஆம்காஸ் படிவமே பதினைந்து அனுபவங்கள் வரை எழுது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் போடு என்றுதானே கேட்கிறது? அன்பையும் மணிக்கணக்கில் கேட்கிறவர்களிடம், டேட்டாபேஸ்காரர் வேறு எப்படிப் பதில் சொல்வார்?

வீட்டில் இரண்டாவது ஒருவன் இருக்கிறான், ஆறாம் வகுப்பு. போன வாரம் சாப்பாட்டு மேசையில், டாக்டருக்கெல்லாம் படிக்க மாட்டேன், டைனோசர் எலும்பு தோண்டப் போகிறேன் என்று அறிவித்தான். அம்மா பயந்துபோய்க் கணவரைப் பார்த்தார்.

அவர் ரசம் சாதத்தைப் பிசைந்தபடியே சொன்னார்: "தாராளமா தோண்டு கண்ணா. எலும்புதானே? ஆர்த்தோன்னு போட்டுக்கறேன்."