நூற்றுப் பத்தால் பெருக்கு

சுவிட்சர்லாந்து போய்விட்டு வந்த பெட்டி இன்னும் ஹாலில்தான் கிடக்கிறது. ஊறப்போட்ட ஸ்வெட்டர் காயவில்லை. அதற்குள் மச்சான் வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பிவிட்டார். தேதி, இடம், பிராங்க், ரூபாய், அவர் பங்கு, என் பங்கு என்று கட்டம் கட்டமாக எக்செல். நடுவில் ஒரு வரி: ‘லூசர்ன் ஸ்டேஷன், மாப்ள பாத்ரூம், 2 பிராங்க், ரூ. 220’. மனுஷன் அவசரத்துக்கு ஒதுங்கியதற்கெல்லாம் ஒரு வரியா? அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுதப்போவது அவரைப் பற்றி அல்ல, அந்த ஊர் ஏரிகளைப் பற்றி. எந்த ஏரி என்ன நிறம், எதில் படகு ஏற வேண்டும், எதை ரயிலில் இருந்தபடியே பார்த்தால் போதும் என்று போகிறவர்களுக்கு உருப்படியாக நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

நாடு சின்னதுதான். 41,285 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதற்குள் நாலு தேசிய மொழி, ஆல்ப்ஸ் மலை, திரும்பிய பக்கமெல்லாம் ஏரி, ஓடு வேய்ந்த பழைய ஊர்கள். விமானத்தை விட்டு இறங்கியதும் நீங்கள் என்ன செய்வீர்களோ அதைத்தான் நாங்களும் செய்தோம். பெருக்க ஆரம்பித்தோம்.

பெருக்குவதிலும் கட்சிகள் உண்டு. என் மனைவி நூறால் பெருக்கும் கட்சி. மனசுக்கு இதம், கணக்கும் சுலபம். மச்சான் நூற்றுப் பத்துக்குக் கீழே இறங்க மாட்டார். “கார்டுல தேய்ச்சா பேங்க்காரன் கமிஷன் வேற இருக்குங்க மாப்ள” என்பார். காபி ஐந்து பிராங்க். கோப்பை மேசைக்கு வருவதற்குள் ஐந்நூற்றைம்பது ரூபாய் ஆகிவிடும். அப்புறம் அதை ரசித்துக் குடிக்க முடியாது, பொறுப்போடுதான் குடிக்க வேண்டும். அக்காவுக்கு, அதாவது மச்சான் மனைவிக்கு, பாதிக் கோப்பை மீதி வைக்கிற பழக்கம். “இருநூத்தி எழுபத்தஞ்சு ரூபாயைக் கீழ ஊத்தப் போறியா?” என்று கேட்டு மச்சானே எடுத்துக் குடித்துவிடுவார். இரவெல்லாம் தூங்காமல் மறுநாள் செலவைப் போட்டுப் பார்ப்பார்.

தண்ணீர் பாட்டில் விலையைப் பெருக்கிய அன்று குடும்பமே தாகத்தை ஒத்திவைத்தது. அப்புறம்தான் சூரிச் தெருவில் அந்தத் தொட்டிகளைக் கண்டுபிடித்தார் என் மனைவி. நகரம் முழுக்க 1,200-க்கும் மேல் இருக்கின்றன. கல்தொட்டி, பித்தளைக் குழாய், ராத்திரி பகலாக ஜில்லென்று கொட்டுகிற குடிதண்ணீர். காசு கிடையாது! நூற்றுப் பத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். எங்கள் நால்வர் முகத்திலும் அன்றைக்குத்தான் வெளிச்சம் வந்தது. குடித்தோம். பாட்டிலில் பிடித்தோம். அடுத்த தொட்டி வந்ததும், இருந்ததைக் குடித்துத் தீர்த்துவிட்டு மறுபடி பிடித்தோம். “இன்னிக்கு மட்டும் ரெண்டாயிரம் ரூபாய்த் தண்ணி குடிச்சிருக்கோம்” என்று மச்சான் கணக்குச் சொன்னபோது பெருமையாகக்கூட இருந்தது.

சுவிஸ்காரன் மூளை அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் உள்ளே போக இலவசம். வெளியே வரத்தான் காசு.

பெரிய ஸ்டேஷன்களில் கழிப்பறை வாசலில் கண்ணாடிக் கதவு, பக்கத்தில் காசு போடும் இயந்திரம். கையில் சில்லறை இருக்காது. கார்டை நீட்டலாம்; ஆனால் கார்டு மச்சான் பையில், மச்சான் வாசலில், வாசலில் நின்றபடியே, “ரொம்ப அவசரமா மாப்ள, இல்ல ரயில்ல போய்க்கலாமா?” என்று கேட்பார். ரயிலில் இலவசம். அவர் கேள்வி நியாயமானது என்பதுதான் இதில் கொடுமை. அன்று முதல் எங்கள் பயணத் திட்டமே மாறியது. எந்த ஊரைப் பார்ப்பது என்பதற்கு முன்னால், எந்த ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்தோம். பெர்னுக்குப் போய்ச் சேரும் வரை பொறுக்க வேண்டியதில்லை, ஓல்ட்டன் தாண்டுவதற்குள் நால்வரும் முடித்துவிட வேண்டும் என்று முறை வைத்துக்கொண்டோம். ரயில், கப்பல், பஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பாஸ் வாங்கியிருந்தோம். அதை ‘வசூல்’ பண்ணியாக வேண்டும் என்பது தனி. ஆக, ரயில் ஏறினால் பாஸும் வசூல், பாத்ரூமும் மிச்சம்! காரணமே இல்லாமல் பக்கத்து ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய சாயங்காலங்கள் உண்டு. தெரிந்தவர்கள் யாராவது அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பிளாட்பாரம் நல்ல பிளாட்பாரம்.

லூசர்னிலிருந்து இன்டர்லாக்கன் போகும் ரயில்தான் இந்த வழித்தடங்களுக்கெல்லாம் ராணி. ரெண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வழியில் சார்னன் ஏரி, லுங்கர்ன் ஏரி, அப்புறம் ப்ரூனிக் கணவாய் தாண்டி ப்ரீயன்ஸ் ஏரி. ஏற்றத்தில் பல்சக்கரத்தைக் கடித்துக்கொண்டு வண்டி மெதுவாக ஏறும். மேலிருந்து பார்த்தால் லுங்கர்ன் ஏரி அப்படியே பச்சைக் கல்லாகத் தெரியுமாம். தெரியுமாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நேரத்தில் நான் பெட்டிக் கோடியில் வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றிருந்தேன். முன்னால் நின்ற இருவரும் நம் நாட்டவர்கள்தான்.

லூசர்னில் மச்சானுக்குப் பிடித்தது சிங்கம். பாறையில் செதுக்கிய சாகும் சிங்கம். 1792-இல் பாரிஸ் அரண்மனையில் பிரெஞ்சு ராஜாவுக்காகச் செத்த சுவிஸ் காவல்படையினரின் நினைவாக 1821-இல் வைத்தது. பார்க்கக் காசில்லை என்பதால் ரொம்ப நேரம் நின்று உருகினார். “சம்பளத்துக்குப் போய் உயிர விட்ருக்காங்க பாருங்க” என்றார். சரிதான். சாக்லேட்டும் கடிகாரமும் பேர் வாங்குவதற்கு முன்னால், ஐரோப்பிய ராஜாக்களுக்குக் கூலிப்படை அனுப்பிக் காசு பார்த்த நாடு அது. நம்மிடமா ஏமாறும்?

யுங்ஃப்ராவ்யோக் மட்டும் சண்டையில்லாமல் முடியவில்லை. 3,454 மீட்டர் உயரத்தில் ரயில் ஸ்டேஷன். 1896-இல் வேலை ஆரம்பித்து, ஐகர் மலையைக் குடைந்து, 1912-இல் திறந்தார்கள். போக வர இருநூறு பிராங்குக்கு மேல். பாஸ் காட்டினால் தள்ளுபடி உண்டு, இலவசம் இல்லை. மேலே எப்படி இருக்கிறது என்று காட்ட, கீழே டி.வி.யில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை. மேலும் வெள்ளை. “இங்கயே பாத்துட்டோமேங்க” என்றார் மச்சான். போனோம். மேலேயும் அதே வெள்ளை, கூடவே குளிர். மஞ்சு விலகும் என்று காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு குடும்பம் கப் நூடுல்ஸ் ஊதி ஊதிச் சாப்பிட்டது. அதன் விலையை நால்வரும் ஒரே சமயத்தில் பெருக்கினோம். நாலு விடை வந்தது.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்தது இசெல்ட்வால்டில். ப்ரீயன்ஸ் ஏரிக்கரையில் ஒரு குட்டி கிராமம். கொரிய நாடகம் ஒன்றில் கதாநாயகன் அங்கே ஒரு மரத்துறையில் உட்கார்ந்து பியானோ வாசித்துவிட்டான். அன்றிலிருந்து கூட்டம். ஊர்க்காரர்கள் பார்த்தார்கள், துறை வாசலில் சுழல் கேட் வைத்துவிட்டார்கள். ஐந்து பிராங்க். பத்தடிப் பலகையில் நடந்துபோய் போட்டோ எடுக்க ஐந்நூற்றைம்பது ரூபாய். நாட்டையே மெனு கார்டாக அச்சடித்து வலது பக்கத்தில் விலை போட்டால், மனுஷன் வலது பக்கத்தைத்தானே படிப்பான்? பெருக்குகிறான் பெருக்குகிறான் என்று நம்மைக் கேலி பேசுகிறவர்கள் அந்த கேட்டின் முன்னால் ஒருமுறை நிற்கட்டும்.

பெர்னில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் கடையில் வடை சாப்பிட்டபோது இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அவர் சிரித்தார். “வந்த புதுசில நாங்களும் பெருக்கித்தான் பாத்தனாங்கள் தம்பி. சாமான் வாங்கேக்க நெஞ்சு அடைக்கும். பிறகு சம்பளம் வந்தது, அதையும் பெருக்கிப் பாத்தம். சந்தோசமாக் கிடந்தது.” சொல்லிவிட்டு வடைக்குக் காசு வாங்கிக்கொண்டார். அதை மட்டும் மச்சான் பெருக்கவில்லை. இன்னும் ரெண்டு பார்சல் சொன்னார்.

ஏரிகளைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன் இல்லையா? தூன் ஏரியில் கப்பலில் போனோம், பாஸில் உண்டு. நன்றாக இருந்தது. தண்ணீர் நிறையவே இருந்தது.

இப்போதுதான் மச்சான் போன் பண்ணினார். அடுத்த வருஷம் நார்வேயாம். அங்கேயும் மலை, ஏரி எல்லாம் இருக்கிறதாம். “அங்க குரோன்ங்க மாப்ள. ஒம்போதால பெருக்கினாப் போதும்.”